ஒரு நாள் வலை, ஒரு நாள் கை

அனுப்பம்பட்டு தாண்டும் வரை ஜமுனா பையைத் திறக்கமாட்டாள். ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறும்போது ஊர்க்காரர்கள் நாலு பேராவது பெட்டியில் இருப்பார்கள். கும்மிடிப்பூண்டியில் கொஞ்சம் பேர் இறங்குவார்கள். கோர்ட்டுக்கும் மார்க்கெட்டுக்கும் போகிறவர்கள் பொன்னேரியில் இறங்குவார்கள். அதோடு தெரிந்த முகம் முடிந்துவிடும். ஆனாலும் இன்னும் ஒரு ஸ்டேஷன் போகட்டும் என்று காத்திருப்பாள். அதன்பிறகுதான் ஜவுளிக்கடைப் பையிலிருந்து ஆஸ்பத்திரி நோட்டை எடுத்துப் பக்கங்களைச் சரிபார்ப்பாள். ஏழு வருடமாக இப்படித்தான்.

இன்று அனுப்பம்பட்டு தாண்டியும் அவள் பையைத் திறக்கவில்லை.

"இன்னாமே, நோட்ட எடுக்கல?" என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தருமன், அவள் புருஷன்.

"கம்முனு வா."

"ரெண்டு பேரும் சேந்துதான செஞ்சோம். மூஞ்சிய ஏன் அப்டி வெச்சிக்கினுகிற?"

ஜமுனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போன வாரம் ரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். இன்று அதன் முடிவைச் சொல்வார்கள். ரத்தம் பேசும். தானும் தருமனும் இருபத்து நாலு நாளாக வீட்டுக்குள் செய்துகொண்டிருந்ததை அது டாக்டரிடம் சொல்லிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

இருவருக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து ஏழு வருடம் ஆகிறது. யாரிடமிருந்து யாருக்கு என்று ஒரே ஒரு முறை கேட்டுக்கொண்டார்கள். பதில் கிடைக்கவில்லை. பிறகு கேட்கவில்லை. ஏரிக்கரையில் அவர்கள் குடியிருப்பில் நாற்பது வீடு. இவர்கள் இருவரைத் தவிர அங்கே யாருக்கும் இது தெரியாது. பொன்னேரியில் வைத்தியம் பார்த்தால் யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று சென்னைக்குப் போனார்கள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் தனசேகர் என்று ஓர் ஆலோசகர் இருந்தார். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மாத்திரை, ஒரு நாளும் தவறக் கூடாது, தவறாமல் போட்டால் வைரஸ் தூங்கிக்கொண்டே இருக்கும் என்றார் அவர். அப்படியே இருந்தது. மாத்திரை டப்பாவின் காகிதத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தார்கள்.

ஏரியில் அவர்கள் வலை போடுகிறவர்கள் அல்ல. கையால் பிடிக்கிறவர்கள். இடுப்பளவு தண்ணீரில் வரிசையாகக் குந்தி, சேற்றைத் தடவிக்கொண்டே நகர்ந்து, கையில் தட்டுப்படும் இறாலையும் நண்டையும் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போட, பனையோலையில் முடைந்த பறி என்ற கூடையைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். ஒருத்தியின் பறி கிழிந்துவிட்டால் இன்னொருத்தியுடையதை வாங்கிக் கடிப்பது சாதாரணம். ஜமுனா மட்டும் தன்னுடையதைத் தரமாட்டாள். எச்சிலில் பரவாது என்று தனசேகர் முதல் நாளே சொல்லியிருந்தார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. விளிம்பில் நீல நைலான் நூல் சுற்றி அடையாளம் வைத்திருந்தாள்.

"ஜமுனா பறி தங்கத்துல பண்ணதுடி. நம்ம வாய் பட்டா கறுத்துப் பூடும்" என்பாள் வரிசையில் அவளுக்கு அடுத்து நகரும் பொன்னியம்மாள். பெண்கள் சிரிப்பார்கள். ஜமுனா சேற்றைப் பார்த்துக்கொண்டு நகர்வாள்.

ஏழு வருடமும் அவள் பயந்தது அடுத்தவர்களுக்காக. தனக்காகப் பயப்பட ஆரம்பித்தது இந்த வருடம்தான்.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை வீங்கியிருந்தது. மறுவாரம் கால். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. சிறுநீர் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்தது. மூட்டுக்கு மூட்டு வலி. கன்னத்தில் சிவப்பு படர்ந்தது. வெயில் என்று நினைத்தாள். ஆஸ்பத்திரியில் முதலில் எச்.ஐ.வி. மாத்திரையைத்தான் சந்தேகப்பட்டார்கள். அதில் உள்ள ஒரு மருந்து சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று சொல்லி, வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். வீக்கம் வடியவில்லை. அப்புறம் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் ஊசி விட்டு, சிறுநீரகத்திலிருந்து நூல் அளவு சதையை எடுத்துச் சோதித்தார்கள்.

சிறுநீரக டாக்டர் சந்தியா, வயதில் ஜமுனாவைவிடச் சின்னவர். முடிவு வந்த அன்று ஒரு வெள்ளைத் தாளில் படம் போட்டுக் காட்டினார்.

"உங்க உடம்புல எதிர்ப்புச் சக்தின்னு ஒரு காவல் இருக்கும்மா. வெளியிலிருந்து வர்ற கிருமியை அடிக்கிறது அதோட வேலை. உங்களுக்கு அது ஆள் தெரியாம உங்க சிறுநீரகத்தையே அடிக்குது. லூபஸ்னு பேரு."

ஜமுனா அந்தப் படத்தின் மேல் விரல் வைத்தாள். "எனக்குத்தான் அந்தக் காவலே கம்மின்னு சொன்னாங்களே மா. அடிக்கிறதுக்கு அதுக்குத் தெம்பு ஏது?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்ல கேள்வி. ஏழு வருஷம் நீங்க ஒழுங்கா மாத்திரை போட்டீங்க. காவல் பழையபடி வளர்ந்துடுச்சு. வளர்ந்தது இப்ப தப்பான பக்கம் திரும்பியிருக்கு. அதை அடக்கணும். அடக்கலேன்னா ரெண்டு வருஷத்துல டயாலிசிஸ்."

அதற்குத்தான் புது மாத்திரைகள். காலையில் நாலு, ராத்திரி இரண்டு. எட்டு மணி மாத்திரையும் வழக்கம்போல. ஆறு மாதத்துக்கு ஏரித் தண்ணீரில் இறங்கக் கூடாது. வெயிலில் நிற்கக் கூடாது. கையில் சிப்பி கிழித்தாலும் நண்டு கடித்தாலும் அன்றே வர வேண்டும். இதையெல்லாம் டாக்டர் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் ஜமுனா தலையாட்டினாள். ஆனால் காதில் நின்றது ஒரு சொல்தான். அடக்கணும்.

பத்தாம் நாள் வாய்க்குள் வெள்ளையாகப் படிந்தது. கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தவள் அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஏழு வருடம் முன்பு தருமன் எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது அவன் நாக்கிலும் இதே வெள்ளைதான் இருந்தது.

"முழிச்சிக்கிச்சிய்யா" என்றாள். "காவல அடக்கிட்டாங்க இல்ல. அது முழிச்சிக்கிச்சி."

தருமன் விளக்குக்கு நேராக அவள் முகத்தைத் திருப்பி வாய்க்குள் பார்த்தான். எழுந்து போய் வாசலில் நின்றான். வெகு நேரம் கழித்து உள்ளே வந்தபோது அவன் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"ஒரு மாத்திர காவல வளக்குது. ஒரு மாத்திர காவல அடக்குது. ரெண்டையும் ஒரே நாள்ல உள்ள வுட்டா அதுங்க அடிச்சிக்காம இன்னா செய்யும்? நடுவுல நீ சாவுற."

"அதுக்கு?"

"மேக்கால திட்டுல நாங்க இன்னா பண்ணோம்?"

மேற்குத் திட்டு என்பது ஏரியில் இறால் அதிகம் அண்டும் ஆழமில்லாத இடம். பதினோரு வருடம் முன்பு அதற்காக வலைக்காரர்களுக்கும் கைக்காரர்களுக்கும் பெரிய சண்டை. வலை அறுந்தது, பறி மிதிபட்டது, இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. கடைசியில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு நாள் வலை, ஒரு நாள் கை. வலை நாளில் கைக்காரர்கள் திட்டில் கால் வைக்கக் கூடாது. கை நாளில் வலை விழக் கூடாது. கைக்காரர்கள் சார்பில் பேசப் போன நாலு பேரில் தருமன் ஒருவன். அன்றிலிருந்து இன்றுவரை திட்டில் ஒரு கெட்ட வார்த்தை விழவில்லை. அவன் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அது ஒன்று இருந்தது.

"வலை நாளுக்குப் பழைய மாத்திர. கை நாளுக்குப் புது மாத்திர. மறக்கவும் மறக்காது பாரு. ஏரிய எட்டிப் பாத்தா இன்னிக்கு எதுன்னு தெரிஞ்சிடும்."

"டாக்டரம்மாவ ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாங்க. வாயில வெள்ள வந்தது அவங்களுக்கா, உனக்கா?"

அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. அதுதான் பிறகு அவளை அதிகம் உறுத்தியது. அவன் கட்டாயப்படுத்தவில்லை. பயத்தில் கிடந்தவளுக்கு அந்த ஏற்பாடு பாய் விரித்த மாதிரி இருந்தது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள்.

இருபத்து நாலு நாள் அப்படியே போயிற்று.

இன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சந்தியா முடிவுத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் பக்கத்துக்குப் போனார். மறுபடி கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

"சிறுநீர்ல புரதம் ஜாஸ்தியாகியிருக்கு. போன தடவைக்கு இப்ப ஒன்றரை மடங்கு." நிமிர்ந்தார். "மாத்திரை எல்லாம் சரியா போடுறீங்கல்ல?"

"போடறோம் மா" என்றான் தருமன்.

ஜமுனா தன் கால் விரல்களைப் பார்த்தாள்.

"அப்ப இந்த மாத்திரை உங்களுக்குக் கேட்கலைன்னுதான் அர்த்தம். அடுத்த கட்டம் ஊசி. இது கொஞ்சம் பலமான மருந்து. காவலை இன்னும் கீழே இறக்கும். உங்களுக்கு வைரஸும் இருக்கிறதால ரொம்ப யோசிச்சுத்தான் கொடுக்கணும். ஆனா சிறுநீரகம் போயிட்டா திரும்ப வராது. இன்னிக்கே சேர்ந்துடுங்க."

வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்து மளமளவென்று வாசித்தாள். கிருமித் தொற்று வரலாம். ரத்த அணுக்கள் குறையலாம். முடி கொட்டலாம். மாதவிலக்கு நிரந்தரமாக நின்றுபோகலாம். மிக அரிதாக உயிருக்கு ஆபத்து நேரலாம். இதையெல்லாம் விளக்கிச் சொன்னார்கள், புரிந்துகொண்டேன், சம்மதிக்கிறேன்.

"இங்க கையெழுத்து. இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க, சீக்கிரம்மா."

பேனா ஜமுனாவின் கையில் இருந்தது. நர்ஸ் பக்கத்து பெஞ்சுக்குப் போனாள்.

"மாத்திர கேக்கலைனு நெனச்சிக்கிட்டாங்க" என்றாள் ஜமுனா.

"தெரியுது."

"நாம போடலையே."

"மெதுவா பேசு." தருமன் குனிந்து அவள் காதருகே வந்தான். "நடுவுல மாத்திரய வுட்ட ஆள மாத்திர குடுக்கற கவுண்ட்டர்ல நிக்க வெச்சு இன்னா கேள்வி கேட்டாங்கனு பாத்த இல்ல? நமக்கு மாத்திரயே கிடையாதுன்னுட்டா? ரெண்டு பேரும் பூடுவோம். கையெழுத்துப் போடுமே. ஊசிதான. அதான் பலமான மருந்துன்றாங்களே, ஒரேடியா சரியாப் பூடும்."

டாக்டரின் கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்தான். அதைப் பார்த்ததும் ஜமுனாவுக்கு ஒன்று புரிந்தது. இவ்வளவு நாள் அவனுக்குத் தைரியம் இருக்கிறது என்று நினைத்து அவன் பின்னால் நடந்திருக்கிறாள். அவனுக்கும் இருந்தது பயம்தான்.

வெள்ளைத் தாளில் டாக்டர் போட்ட படம் நினைவுக்கு வந்தது. இல்லாத ஒரு காரணத்துக்காக அந்தக் காவலை இன்னும் கீழே இறக்கப் போகிறார்கள். அதே நேரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை கிடைத்த வைரஸ் எந்த நிலையில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அப்படி மாற்றிப் போட்டது தெரிந்தவர்களே இரண்டு பேர்தான். அவர்கள் இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எழுந்தாள். தருமன் முந்தானையைப் பிடித்தான். அதை அவன் கையிலிருந்து உருவிக்கொண்டு போய் டாக்டரின் கதவைத் தள்ளினாள். உள்ளே வேறொரு நோயாளி இருந்தார்.

"மா, நாங்க மாத்திர போடல."

"வெளியில இருங்கம்மா, கூப்பிடறேன்."

"போடல மா. ஒரு நாள் இது, ஒரு நாள் அது. இருவத்தி நாலு நாளு." பேச்சு நின்றால் மறுபடி வராது என்று நினைத்தவள் போல மூச்சுவிடாமல் சொன்னாள். "ஊசி போட்டுடாதீங்க மா."

டாக்டர் அந்த நோயாளியிடம் இரண்டு நிமிடம் கேட்டு வெளியே அனுப்பினார். தருமனும் கதவருகே வந்து நின்றிருந்தான்.

"ரெண்டு பேரும் உட்காருங்க. எதுக்கு இப்படிச் செஞ்சீங்க?"

ஜமுனா நாக்கை நீட்டிக் காட்டினாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. தருமன்தான் சொன்னான். சண்டையில் ஆரம்பித்து, மண்டை உடைந்ததைச் சொல்லி, நாலு பேரில் தான் ஒருவன் என்பதையும் விடாமல் சொல்லி, வலை நாள் கை நாள் வரைக்கும் வந்தான். டாக்டர் கடைசிவரை கேட்டார்.

"பதினோரு வருஷமா ஒரு சண்டை இல்லையா?"

"ஒண்ணு கூட இல்ல மா."

"அன்னிக்கு வலைக்காரங்க வந்து உங்க எதிர்ல உட்கார்ந்து சரின்னு ஒத்துக்கிட்டாங்கல்ல?"

"ஒத்துக்கிட்டாங்க."

"வைரஸ் வந்து உட்கார்ந்து ஒத்துக்கிச்சா?"

தருமன் ஜமுனாவைத் திரும்பிப் பார்த்தான்.

"அது எந்தப் பேச்சுக்கும் கட்டுப்படாது. மாத்திரை விழாத நாள் எல்லாம் அதுக்கு லாபம். அதைவிட மோசம், அரைகுறையா மருந்து பட்டா அந்த மருந்தையே அது பழகிக்கும். அப்புறம் அந்த மாத்திரை வேலை செய்யாது." ஜமுனாவின் பக்கம் திரும்பினார். "இந்த ரெண்டு மாத்திரையும் எதிரி இல்லம்மா. சிறுநீரக மாத்திரை காவலைக் கொல்லல, கொஞ்சம் அமுக்கி வெக்குது. அமுக்கின நேரத்துல வைரஸ் எழுந்திரிக்காம இருக்கத்தான் மற்ற மாத்திரை. ரெண்டும் ஒரே நாள்ல இருந்தாத்தான் நான் போட்ட கணக்கு சரியா வரும். நாக்குல இருக்கிற இது ஒரு பூஞ்சை. காலையில போடற நாலுல ஸ்டீராய்டு இருக்கு, அது சாப்பிடறவங்களுக்கு வர்றது. பத்து நாள் மாத்திரை போட்டா போயிடும். அன்னிக்கே ஒரு போன் பண்ணியிருந்தா..."

முடிக்காமல் விட்டுவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் ஜமுனாவுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

படிவத்தை வாங்கி இரண்டாக மடித்து ஓரமாக வைத்தார். ஊசி இப்போதைக்கு இல்லை. புது மாத்திரைகளையே முதலிலிருந்து ஒழுங்காகப் போட வேண்டும். ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். ஆனால் அதற்கு முன் வைரஸ் எந்த அளவில் இருக்கிறதென்று தெரிய வேண்டும். அது எழுந்து, மருந்தையும் பழகியிருந்தால், எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். காவலை அடக்கும் மாத்திரையைத் தொடரலாமா என்பதே கேள்வியாகிவிடும். அன்றே ரத்தம் எடுத்தார்கள். பத்து நாளில் முடிவு.

அந்தப் பத்து நாளும் ஜமுனா கரையிலேயே கிடந்தாள். காலையில் நாலு, ராத்திரி இரண்டு, எட்டு மணிக்குப் பழையது. வலை நாளும் அப்படியே, கை நாளும் அப்படியே. ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் தொண்டையில் கையை வைத்துக்கொள்வாள். உள்ளே எது எதை அடிக்கிறது என்று காது கொடுத்துக் கேட்பது மாதிரி இருக்கும். தருமன் டம்ளரோடு எதிரில் நிற்பான். இப்போதெல்லாம் அவன் எந்த யோசனையும் சொல்வதில்லை. திட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிறான்.

ஊரில் கால் நோவு என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். கை நாட்களில் பொன்னியம்மாள் இவள் வீட்டுப் பக்கமாக வந்து குரல் கொடுப்பாள். "இன்னாடி, இன்னும் கால் நோவு போகலையா? ஒன்ற மாசமா நோவற கால எங்கயும் பாக்கல. புருஷன் ஒக்கார வெச்சி சோறு போடறானா?"

"நோவுதுக்கா" என்பாள் ஜமுனா, கதவுக்கு உள்ளே இருந்தபடி.

"நோவட்டும் நோவட்டும். வரிசையில உன் எடத்துல வர்ற எறால் எல்லாம் எனக்குத்தான்."

ஒன்பதாம் நாள் தனசேகர் போன் செய்தார். "ஜமுனாம்மா, ரிசல்ட் வந்திருக்கு. நாளைக்கு நேர்ல வாங்க."

"எப்டி சார் இருக்கு?"

"போன்ல சொல்றது இல்லம்மா. உங்களுக்கே தெரியும். நேர்ல வாங்க."

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. நல்ல சேதியானால் குரலிலேயே தெரிந்திருக்கும் என்றாள். அவர் எப்போதுமே அப்படித்தான் பேசுவார் என்றான் தருமன். அப்படிச் சொன்னவனும் சாப்பிடவில்லை.

மறுநாள் ரயிலில் அவள் ஆரம்பாக்கத்திலேயே நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். யார் பார்த்தார்கள், பார்க்கவில்லை என்று கவனிக்கக்கூட இல்லை. பொன்னேரி வந்தபோதுதான் அதைப் பார்த்துத் திடுக்கிட்டு முந்தானையால் மூடினாள்.

தனசேகர் அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். தாளை அவர்கள் பக்கமாகத் திருப்பி, ஓர் எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"இருநூத்தி பத்து. ஏழு வருஷமா இந்த எடத்துல ஒண்ணும் இல்லைனுதான் வந்துக்கிட்டிருந்தது."

ஜமுனா அந்த எண்ணின் மேல் குனிந்தாள். "முழிச்சிக்கிச்சா சார்?"

"முழிச்சிக்கிச்சு. ஆனா எழுந்து உட்காரல. ஆயிரத்தைத் தாண்டியிருந்தா பெரிய பிரச்சினை. இதை மறுபடி தூங்க வைக்கலாம்னுதான் டாக்டர் சந்தியாவும் சொல்றாங்க. ரெண்டு மாத்திரையும் தொடருது. மூணு மாசத்துல இதே டெஸ்ட்."

"அப்ப சரியாப் பூடும், இல்ல சார்?" என்றான் தருமன்.

"சரியாப் போகலாம். பயப்படாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பயந்தா போன் பண்ணுங்க. வீட்லயே பஞ்சாயத்து வெச்சிடாதீங்க."

கிளம்பும்போது ஜமுனா கதவருகில் நின்றாள். கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தது.

"சார், பறி இருக்கு இல்ல. வாயில கடிக்கிறது. இப்ப அது முழிச்சிக்கினு வேற கீது. வேற யாராவது அத வாங்கிக் கடிச்சா..."

தனசேகர் அவளை உற்றுப் பார்த்தார். "இதை முதல் நாளே கேட்டீங்க. எச்சில்ல வராதுன்னு சொன்னேன். இருநூத்தி பத்துன்னாலும் வராது, லட்சம்னாலும் வராது. இவ்வளவு நாளும் நம்பலையா?"

அவள் நோட்டைப் பைக்குள் திணித்தாள்.

"இந்த மாதிரி நீங்களாப் போட்ட சட்டம் வீட்ல இன்னும் எத்தனை இருக்கு ஜமுனாம்மா?"

மறுநாள் கை நாள். விடிந்ததும் பெண்கள் திட்டுக்குப் போகக் கரையில் கூடினார்கள். ஜமுனா தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காலை மாத்திரை நாலும் உள்ளே போயிருந்தன. பொன்னியம்மாள் தன் பறியைத் தூக்கிப் பார்த்து ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிக் கீழே போட்டாள். விளிம்பு முழுவதும் பிய்ந்து தொங்கியது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டாள். அவளிடம் ஒன்றுதான். ஜமுனாவின் பக்கம் பொன்னியம்மாள் திரும்பக்கூட இல்லை. கேட்டுப் பயன் இல்லை என்று ஏழு வருடத்துக்கு முன்பே தெரிந்துகொண்டவள்.

ஜமுனா உள்ளே போனாள். ஆணியில் மாட்டியிருந்த பறியை எடுத்தாள். ஒன்றரை மாதம் காய்ந்து இலேசாக இருந்தது. நீல நூல் சுற்றிய விளிம்பில் அவள் பல் பதிந்த தடம் தெரிந்தது. கிணற்றடியில் வைத்து ஒரு முறை கழுவினாள். இரண்டாம் முறை கழுவப் போனவள் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு நடந்தாள்.

"அக்கா. இத எடுத்துக்கோ."

பொன்னியம்மாள் பறியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "இன்னாடி இது? தங்கப் பறிய தூக்கிக் குடுக்கற. சாவப் போறியா?"

சிரிப்பு எழுந்தது. "கிட்னியில நோவுக்கா. கால் நோவு இல்ல. ஆறு மாசம் தண்ணியில எறங்கக் கூடாதுன்னுட்டாங்க."

சிரிப்பு அடங்கியது. பொன்னியம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். மாத்திரையால் உப்பியிருந்த கன்னத்தை, கண்ணுக்குக் கீழே இருந்த வீக்கத்தை. இன்னும் ஏதோ கேட்கப் போகிறாள் என்று ஜமுனா கையைப் பிசைந்தாள். மீதி இருந்ததைச் சொல்ல அவளிடம் தைரியம் இல்லை.

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நா பாட்டுக்கு தெனமும் வாய்க்கு வந்தத பேசிக்கினு கெடக்கறேன்." பொன்னியம்மாள் பறியை வெடுக்கென்று வாங்கினாள். "சாயங்காலம் கொண்டாந்து குடுத்துடறேன். உன் எடத்து எறால் உனக்கு."

தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் பொன்னியம்மாள் பறியைத் தூக்கி வாயில் வைத்தாள். நீல நூலின் மேல் பல் இறங்கியது. வரிசை குந்தி நகர ஆரம்பித்தது.

எச்சிலில் வராது, லட்சம் என்றாலும் வராது என்று ஜமுனா தனக்குள் சொல்லிக்கொண்டாள். மறுபடியும் சொன்னாள். பயம் போகவில்லை. பொன்னியம்மாளின் தலை திட்டுக்கு அந்தப் பக்கம் சின்னதாகிற வரைக்கும் அங்கேயே நின்றாள். ஓடிப்போய்ப் பறியைப் பிடுங்கிக்கொண்டு வரவில்லை.

"வெயில்ல நிக்காதமே, டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?" என்று தருமன் வாசலிலிருந்து கூப்பிட்டான்.

ஜமுனா முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.